நனையாத கோடி

இல்லடி அஞ்சல, இல்ல. செத்ததுக்கப்பறம் எந்தத் துணியப் போத்துனா இன்னான்னு கேக்கறியே, அது துணி மூட்டைய ஒரு நாளும் தலையில வச்சி நடக்காதவ கேக்கற கேள்வி. எதிர் வூட்டு மருமவளாச்சேன்னு பொறுத்துக்கறேன். வா, இப்பிடிக் குந்து. கொழந்தைய மடியில போட்டுக்கினு கேளு.

துணி சுமந்து விக்கற பொழப்புல, எந்த வூட்டுல கலியாணம், எந்த வூட்டுல சாவுன்னு சாமிக்கு அடுத்தபடி நமக்குத்தான் தெரியும். வில்லியனூர் கடையில மூட்டையக் கட்டினா உறுவையாறு, மங்கலம், கரிக்கலாம்பாக்கம், ஏம்பலம், பாகூர் வரைக்கும் என் காலுதான் வண்டி. என்ன மாதிரி மூட்ட சுமந்து கழுத்து தேஞ்சவளுங்க, வெயில்ல சுத்தி ஒண்ணும் விக்காம வூடு திரும்பினவளுங்க யாரையாச்சும் கேட்டுப் பாரு, நான் சொல்றது பொய்யான்னு.

துணின்னா ஒண்ணா ரெண்டா! பொடவையாக் கட்டுவோம். கிழிஞ்சா புள்ளைக்கு ஏணைத் தொட்டில். இன்னும் கிழிஞ்சா கஞ்சி வடிக்க, அடுப்புல சட்டி புடிச்சி எறக்க. அதுவும் நைஞ்சா வெளக்குக்குத் திரி. ஆனா கோடின்னா வேற. தறியிலேர்ந்து எறங்கி, இன்னும் தண்ணியக் காணாத துணி. கலியாணத்துக்கும் அதான் வேணும், பொணத்துக்கும் அதான் வேணும். ஒரு தரம் நனைஞ்சிதோ, அப்பறம் வெறும் துணி.

பாத்து வச்சிக்கறது

ஒலகச் சண்டைக்கு முன்ன நடந்தது இது. கரிக்கலாம்பாக்கத்துல கரும்பு போடறவங்க வூடு, பெரிய வூடு. அந்தம்மா கூப்ட்டு மூட்டையப் பிரிக்கச் சொன்னாங்க. கலியாணக் கோடி எடுக்கப் போறாங்க, இன்னிக்கி மூட்ட லேசாயிடும்னு எனக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொண்ணா ஒதறி, வெளிச்சத்துல புடிச்சி, வெரல்ல தேச்சி, மோந்து பாத்து, பக்கத்து வூட்டுக்காரிங்களையெல்லாம் கூப்ட்டுக் காட்டினாங்க. அவங்க வூட்டுல மோர் நல்லா இருக்கும், ஆனா அன்னிக்கி மோரும் குடுக்கல, அத வுடு.

உச்சி வெயில் எறங்கிப் போச்சி. எந்தக் கோடிம்மா எடுக்கறீங்கன்னு கேட்டேன். அந்தம்மா எல்லாத்தையும் என் பக்கம் தள்ளி வுட்டுட்டுச் சொன்னாங்க: "பொண்ணுக்கு இன்னும் மாப்பிள்ளையே பாக்கல ஆயா, துணி எப்பிடி வருதுன்னு பாத்து வச்சிக்கினேன்."

மூட்டைக்கு அடியில

மங்கலத்துல முத்தாலு அக்கா இருந்தா. நடவு நட்டே முதுகு வளைஞ்சவ, புருசன் போயி ரொம்ப காலம். நான் போனா அவ வூட்டு நெழல்லதான் மூட்டைய எறக்குவேன். தம்பி ஒருத்தன், பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல சேந்து சைகோனுக்குக் கப்பல் ஏறினவன்தான், உசுரா இருக்கானா இல்லையான்னே தெரியல. பொம்பள செத்தா பொறந்த வூட்டுலேர்ந்து கோடி வரணும். அத கொண்டாந்து போடும்போது, பொறந்த வூட்டுக் கோடி வந்துடுச்சின்னு ஊரறியக் கத்தணும். வல்லன்னா, பொறந்த வூடு கைவுட்ட பொணம்னுதான் பேசுவாங்க.

அதுதான் அவள அரிச்சிக்கினே இருந்தது. சோறு இல்லன்னு ஒரு நாளும் அழுதவ இல்ல, இதுக்கு அழுதா. ஒரு நாளு என் முந்தானையப் புடிச்சிக்கினா. நான் தரேன்னு கை மேல அடிச்சி சத்தியம் பண்ணேன். அன்னிலேர்ந்து ஒரு வெள்ளக் கோடி என் மூட்டைக்கு அடியிலயே கெடந்தது. அத மடிச்சி வைக்கறதப் பாத்துட்டு அக்கா சொன்னா: "இனிமே நீதான்டி தங்கச்சி என் பொறந்த வூடு, பூட்டிட்டுப் போயிடாத."

கை வச்சவன்

அப்பறம் சண்ட வந்துச்சி. துணி காணாமப் போச்சி. புதுச்சேரியில மில்லு ஊதற சத்தம் நம்ம காதுல வுழும், துணி மட்டும் நம்ம கண்ணுல படாது. பாகூர் பக்கம் போனா நடுவுல இங்கிலீஷ்காரன் எல்ல வரும், திரும்ப நம்ம பிரெஞ்சு எல்ல வரும். போறப்ப ஒரு சோதன, வர்றப்ப ஒரு சோதன. துணி கடத்தறேன்னு ஒரு சுங்கக்காரன் மூட்டைய அவுத்துக் கொட்டிட்டான்.

அடியில இருந்த வெள்ளைய இழுத்தான். மொகத்துக்கிட்ட கொண்டு போயி, நல்ல துணியா இருக்கே, யாருக்குன்னான். மங்கலத்துல ஒரு அம்மா சாவுக்குங்கன்னேன். நெருப்பத் தொட்ட மாதிரி கைய ஒதறினான். "காலங்காத்தால கைய வச்சிட்டனே, மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதாடி கெழவி!"

ஒத்தப் பொடவ

ஏம்பலத்துல ஒரு வூட்டுல ரெண்டு மருமவளுங்க. வாசல்ல நின்னு கூப்ட்டா பெரியவதான் வருவா. சின்னவள எங்கன்னு கேட்டா சிரிப்பா. அப்பறம்தான் தெரிஞ்சுது, வெளிய கட்டிக்கினு வர ஒரே பொடவதான். ஒருத்தி நடவுக்குப் போனா இன்னொருத்தி கோணிய சுத்திக்கினு உள்ள குந்தியிருக்கணும். சின்னவ கதவு இடுக்குலேர்ந்து, ஆயா, என்ன மறந்துடாதன்னு கொரல் குடுப்பா. மூஞ்ச நான் பாத்ததே இல்ல.

என் மூட்டையில விக்க ஒண்ணும் இல்ல. அடியில கெடந்த கோடிய அவங்க மாமியா பாத்துட்டா. சின்னவ மஞ்சள்ல முக்கிக் கட்டிக்கட்டும், குடு குடுன்னு கையப் புடிச்சா. என் கையும் அத எடுத்துக் குடுக்கத் தாழ்ந்துச்சி, பொய் சொல்லல. அப்ப முத்தாலு அக்கா மூஞ்சி வந்து நின்னுது. இது ஒருத்திக்கு வாக்கு குடுத்ததும்மா, சாவுக் கோடின்னேன். அவ என் கைய வுட்டுட்டா. "பொணத்துக்கு மானம் காக்கறியே ஆயா, உள்ள உசுரோட ஒருத்தி குந்தியிருக்கா, அவளுக்கு மானம் வேணாமா?"

சத்தம் போடாத துணி

ஐப்பசி அடமழ. மங்கலத்து ஆளு ஒருத்தரு கடையாண்ட வந்து, முத்தாலு போயிட்டான்னாரு. கோடிய நடுவுல வச்சி, இருந்த கந்தையெல்லாம் மேல சுத்தி, தலையில வச்சிக்கினு நடந்தேன். துணிய துணி காப்பாத்தும்னு நெனச்சேன், பாரு என் புத்திய! ஆத்துல எறங்கினா இடுப்பளவு தண்ணி, மேல மழ. அக்கரை ஏறி மூட்டையத் தொட்டுப் பாத்தேன். பொதக்குன்னுது.

உறுவையாத்துல தெரிஞ்ச வூட்டு அடுப்பாண்ட குந்திக்கினு, அழுதுக்கினே அத அனல்ல காட்டினேன். காஞ்சிது, வெள்ளையாவே இருந்துது. மடிச்சி எடுத்துக்கினு ஓடினேன். அக்காவக் குளிப்பாட்டி வச்சிக்கினு காத்திருந்தாங்க. ஊர்ப் பெரியவரு கோடிய வாங்கினாரு, காதாண்ட வச்சிக் கசக்கினாரு. புதுக்கோடின்னா கஞ்சி மொடமொடன்னு சத்தம் போடும். இது போடல. அவரு என்ன ஏறெடுத்துப் பாத்தாரு. திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும். அப்பிடியே அக்கா மேல போத்திவுட்டாரு. பொறந்த வூட்டுக் கோடின்னு ஒருத்தரும் கத்தல. அழுதுக்கினு இருந்தவளுங்கள்ல ஒருத்தி பக்கத்துல இருந்தவகிட்ட மெள்ளச் சொன்னா: "பொறந்த வூடு வந்துடுச்சி, கோடிதான் வல்ல."

அதான்டி சொல்றேன். சண்ட முடிஞ்சி இப்பத்தான் கடையில துணி கண்ணுல படுது. மொதல்ல வந்ததுல எனக்கு ஒண்ண நானே எடுத்து வச்சிக்கினேன். எனக்கும் பொறந்த வூட்டுல இப்ப ஒருத்தரும் மிச்சமில்ல. பூச்சி அரிச்சிடாம மாசா மாசம் வெயில் காட்டறேன், அதப் பாத்துத்தான நீ சிரிச்ச? சிரி, சிரி. ஊருக்கெல்லாம் துணி சுமந்தவ கடைசியில தன் மேல போத்தப் போறதுக்குத் தானே காவலு இருக்கறதுதான் இந்தப் பொழப்புல கண்ட மிச்சம்.

இன்னாடி அது, கையில சில்லுன்னு ஒரு சொட்டு? அடியே அஞ்சல, தூறல் போடுது! கொழந்தைய எங்கிட்ட குடுத்துட்டு ஓடு, வாசல் கட்டில் மேல கெடக்குதே என் கோடி, அத உள்ள எடுத்துக்கினு வா, ஓடுடி, நனைஞ்சிடப் போவுது!