முனை மடிக்காத மனிதர்

"என் வீட்டுக்குள்ள காத்து வரணும்னா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் வரணும்."

இப்படிச் சொல்லிக்கொண்டே டேப் மாஸ்டர் ஊதுபத்தியைப் பற்றவைப்பார். பயிற்சிக்குப் புதிதாக வந்தவர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி எந்தப் பக்கம் என்று தேடுவார்கள். மாஸ்டர் பத்தியைச் சன்னல் சட்டத்தை ஒட்டி மெல்ல நகர்த்துவார். நெட்டுக்குத்தாக எழும்பிய புகை ஓரிடத்தில் இடுப்பொடிந்து சாயும். "பிடிச்சாச்சு திருடனை," என்பார். குரலில் ஒரு போலீஸ் அதிகாரியின் நிதானம் இருக்கும். குற்றவாளி, மயிரிழை அளவில் ஒரு கீறல்.

அவர் வேலை பார்க்கும் இடத்தின் பெயர் 'குறைந்த கரிமக் கட்டடத் தொழிலாளர் திறன் மேம்பாட்டு மையம்'. பலகையைப் படித்து முடிப்பதற்குள் வந்த பஸ் போய்விடும். உள்ளே ஒரு பழைய கிடங்கு. அதற்குள் கூரையில்லாத அரைச் சுவர்கள், வெளியே பார்க்க எதுவுமில்லாத சன்னல்கள், எந்த மாடிக்கும் போகாத ஒரு மாடிப்படி. விஷயம் எளிதானது. வீட்டைக் குளிராகவோ சூடாகவோ வைத்திருக்க உலகம் மலை மலையாக எரிக்கிறது. எரித்ததில் பாதி சன்னலோரக் கீறல் வழியாகக் கிளம்பிப் போய்விடுகிறது. ஆகவே, கீறலை அடைக்கத் தெரியும் என்ற சான்று இல்லாதவர்கள் புதுக் கட்டடங்களில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. விளைவு, தலை நரைத்த கொத்தனார்களும் தொப்பை விழுந்த பிளம்பர்களும் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார்கள்.

"இத்தனை வருஷமா காத்தோட்டமா கட்டுன்னாங்க. இப்ப காத்தை அடைன்னா எப்படி மாஸ்டர்?" என்று கேட்டார் ஒரு கொத்தனார்.

"காத்து வரட்டும்யா, யாரு வேணாம்னது? வாசல் வழியா வரட்டும். சுவரேறிக் குதிச்சு வர்றவனை விருந்தாளின்னா சொல்லுவ?"

மாஸ்டரின் இடது மணிக்கட்டில், கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில், வளையல் மாதிரி ஒரு டேப் சுருள் கிடக்கும். மணி கேட்டால் அதைப் பார்த்து, "பாதி இருக்கு," என்பார். பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: பிற்பாடு உரிக்க வசதியாக டேப்பின் முனையைக் கொஞ்சம் மடித்து ஒட்டுவார்கள். மாஸ்டர் கண்ணில் இது பஞ்சமாபாதகங்களில் ஆறாவது. "முனையை மடிக்கிறவன், ஒட்டும்போதே பிரிக்கிறதை நினைக்கிறவன். அவனை நம்பி சுவரும் குடுக்காத, பொண்ணும் குடுக்காத." ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்வார். டேப் ஒட்டுகிறவனாகப் பார்த்துப் பெண் கொடுக்கும் யோசனை யாருக்கும் இல்லை, இருந்தாலும் குறித்துக்கொள்வார்கள்.

பிறர் வீட்டில் அவரால் சும்மா உட்கார முடியாது. ஒரு சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனவர், சன்னலருகே மண்டியிட்டு, கண்ணை மூடி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருந்தார். "இவருக்கு இவ்வளவு பாசமா!" என்று அந்த வீட்டுப் பெண்கள் புதிதாக ஒரு பாட்டம் அழுதார்கள். போகும்போது வீட்டுக்காரர் கையைப் பிடித்து, "மனசைத் தேத்திக்குங்க. சன்னலுக்கு ரப்பர் மாத்திடுங்க," என்றாராம்.

அவருடைய சொந்த வீடு, வரிசை வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டுக்கும் அதற்கும் ஒரே சுவர். அந்த வீட்டை ஒரு மழைக்காலம் முழுக்கத் தன் கையாலேயே அடைத்தார். மூன்றடுக்குக் கண்ணாடிச் சன்னல். வாசல் கதவு சாத்தினால் வாயைப் பொத்தியது போல 'ம்ப்' என்று ஒரு சத்தம். அதுதான் அந்த வீட்டின் கடைசிச் சத்தம். நல்ல காற்றை வடிகட்டி உள்ளே விட, மேற்கூரையில் ஒரு இயந்திரம் பூனை மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். தூசி வராது. காக்கை கத்துவது கேட்காது. மழை பெய்தால் சன்னலில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "மாஸ்டர் வீட்டைக் காத்தும் அண்டாது, கருப்பும் அண்டாது," என்று வகுப்பில் ஒரு பிளம்பர் சொல்வார். ஆளும் அண்டுவதில்லை என்பதை நாகரிகம் கருதி விட்டுவிடுவார்.

மாஸ்டரின் மனைவி, மகளின் பிரசவத்துக்குப் போனவர். "குழந்தை நடக்க ஆரம்பிச்சதும் வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். குழந்தை நடந்தது, ஓடியது; இப்போது சைக்கிள் ஓட்டுகிறது.

"எப்ப வர்ற?" என்பார் மாஸ்டர் போனில்.

"அங்க வந்து என்னங்க பண்றது? ஒரு சத்தம் உண்டா, சந்தடி உண்டா? பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டின மாதிரி இருக்கு."

"மெஷின் இருக்கு. வெளிக்காத்தை விட சுத்தமான காத்து."

"நீங்களே சுவாசிங்க." பிறகு அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கடுகு போற ஓட்டையைத் தேடிக்கிட்டே இருங்க. பூசணிக்கா வெளிய போனது உங்களுக்குத் தெரியல பாருங்க."

இந்தப் பேச்சுக்குச் சில நாள் கழித்துத்தான் அடுப்பங்கரையில் அது நடந்தது. டப்பாக்கள் வைக்கும் தட்டுக்குப் பின்னால், எந்தக் காலத்திலோ இரண்டு வீட்டுக்கும் பொதுவாகத் தண்ணீர்க் குழாய் போன துளை ஒன்று. அதை அடைத்திருந்த, பீய்ச்சினால் உப்பி இறுகிவிடும் நுரைப் பூச்சு காய்ந்து கையோடு வந்துவிட்டது. மாஸ்டர் பதறிப்போய் நுரை டப்பாவை எடுத்துக் குலுக்கிக்கொண்டு குனிந்தார்.

"ஒம்பதாறு அம்பத்திநாலு. ஒம்பதேழு... ஒம்பதேழு..."

பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை. "முழுங்காம சொல்லுடி," என்று அதன் அம்மா. பின்னணியில் ஒரு பெரியவர் உலகத்துக்கே கேட்கும்படி வாய் கொப்பளித்தார். யாரோ ஒரு செருப்பைக் காணோம் என்றார்கள். மாஸ்டர் குலுக்குவதை நிறுத்தினார். "அறுபத்திமூணு," என்று அவர் வாய் தானாக முணுமுணுத்தது. துளை அடைபடவில்லை. மறுநாளிலிருந்து அவர் சாப்பாட்டுத் தட்டு கூடத்து மேசையிலிருந்து அடுப்பங்கரை ஸ்டூலுக்குக் குடிபெயர்ந்தது. பக்கத்து வீட்டில் சண்டை நடக்கும் நாளில் இரண்டு வாய் கூடவே இறங்கும்.

சனி பிடித்தது மையத்தின் மேலாளர் உருவத்தில். பழைய வீட்டையும் சாதாரணத் தொழிலாளி அடைக்க முடியும் என்று ஊருக்குக் காட்ட ஒரு மாதிரி வீடு தேவை. மாஸ்டர் வீட்டில் வைத்தே இந்த வகுப்பின் கடைசிச் சோதனை. தேறினால் வாசலில் பித்தளைப் பலகை. மாஸ்டர் மறுக்கவா முடியும்? வகுப்புக்கு வகுப்பு விட்ட சவடால், வட்டியோடு வீடு தேடி வந்தது.

சோதனை நாள் காலையில் ஒரு கையில் நுரை டப்பாவும் ஒரு கையில் டேப்புமாக அடுப்பங்கரையில் நெடுநேரம் நின்றார். நுரை போட்டால் போட்டதுதான். பெயர் காப்பாற்றப்படும், ஒன்பதாம் வாய்ப்பாடு போய்விடும். பிறகு வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

வாசற்கதவு இருக்கும் இடத்தில் துணிச்சட்டம் கட்டி, நடுவில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தினார்கள். அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். எங்காவது ஓட்டை இருந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே பாயும், புகை காட்டிக்கொடுக்கும். விசிறி ஓட, ஆளுக்கொரு ஊதுபத்தியோடு திருவிழாக் கூட்டம் போல அறை அறையாகப் போனார்கள்.

"ஒரு கொசுவாவது இருக்கும்னு பாத்தேன்," என்றார் பிளம்பர்.

"வந்திருக்கும். பேச்சுத் துணை இல்லாம திரும்பிப் போயிருக்கும்," என்றார் கொத்தனார்.

ஒயர்மேன் அக்கா மட்டும் சன்னல் பக்கமே போகவில்லை. வகுப்பில் ஒரே பெண். ஒயர்மேன் என்று லைசென்ஸில் இருப்பதால் அப்படியே பெயர் நின்றுவிட்டது. "ஓட்டைய சன்னல்ல தேடாதீங்கப்பா. எந்தச் சுவர்லயும் ஓட்டை போடறது நம்ம சாதிசனம்தான். குழாய் எங்கயோ, ஒயர் எங்கயோ, ஓட்டை அங்க," என்று சொல்லிக்கொண்டே நேராக அடுப்பங்கரைக்குப் போனார். மாஸ்டரும் பின்னாலேயே போனார், போகாமல் இருந்திருக்கலாம்.

அக்கா டப்பாக்களை நகர்த்தினார். சுவரில் ஒரு சதுர டேப். பத்தியை வைத்தார். புகை நேராக நின்றது. திரும்பப் போனவர், தொழில் பழக்கத்தில் டேப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். விரல் ஒரு மூலையில் நின்றது.

"மாஸ்டர். முனை மடிஞ்சிருக்கு."

மாஸ்டர் மணிக்கட்டுச் சுருளைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "தெரியும்," என்றார்.

அக்கா சுற்றிலும் பார்த்தார். கவிழ்த்து வைத்த ஒற்றைத் தட்டு. ஒற்றைத் தம்ளர். சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் சுவரைப் பார்க்கப் போட்டிருந்த ஸ்டூல். டப்பாக்களை ஒவ்வொன்றாக இருந்த இடத்திலேயே வைத்தார். பெரியதை முன்னால் வைத்தார்.

"அடுப்பங்கரை முடிஞ்சுது," என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "யாரும் வர வேணாம். புகை கம்பு மாதிரி நிக்குது."

வீடு தேறியது. மேலாளர் பேசினார். பிளம்பர் பித்தளைப் பலகையைச் சற்றுக் கோணலாகத் திருகினார். விசிறியைக் கழற்றிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். அக்கா கடைசியாக இறங்கினார். "வரேன் மாஸ்டர்," என்றார்.

கதவு 'ம்ப்' என்றது.

மாஸ்டர் மனைவிக்குப் போன் போட்டு, பலகை வந்த விஷயத்தைச் சொன்னார். "நல்லதுங்க," என்றார் அந்த அம்மாள். "இவன் சைக்கிள்ல இருந்து விழுந்துட்டான், அப்புறம் பேசறேன்." மேலே இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பொழுது சாய்ந்தது, பக்கத்து வீட்டில் பாடம் தொடங்கும் நேரம். அடுப்பங்கரைக்குப் போய்ப் பெரிய டப்பாவை நகர்த்தினார். மடிந்திருந்த முனையில் நகத்தைக் கொடுத்து, சத்தம் வராமல் டேப்பை உரித்தார். அதைக் கசக்கி எறியவில்லை. மறுபடி உதவும் என்று புறங்கையில் ஒட்டிக்கொண்டார். பிறகு ஸ்டூலை இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கமாக இழுத்துப் போட்டார்.