எடின்பரோ நரேன் எழுதிக் கொடுத்த வழி

பென்ரோஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற நரேந்திரனை ஆக்லாந்துத் தமிழர்களுக்கு எடின்பரோ நரேன் என்று சொன்னால்தான் தெரியும். பிறந்தது மலேசியாவில், கிள்ளானில். நியூசிலாந்துக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஸ்காட்லாந்தில் இருந்ததோ இருபத்து மூன்று வயதில் வெறும் பதினொரு மாதம். ஆனால் பத்தொன்பது வருஷம் தராத பெயரை அந்தப் பதினொரு மாதம் தந்துவிட்டது.

நம் ஆட்களின் பழக்கம் அப்படி. ஊர் கிளம்புகிறவர்கள் இணையத்தில் ஆயிரம் பக்கம் படித்திருந்தாலும், "போயிட்டு வந்த ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்காமல் பெட்டி கட்ட மாட்டார்கள். காசிக்கு ஒருவர், ஜப்பானுக்கு ஒருவர் என்று கோயில் கூடத்தில் ஆள் உண்டு. எடின்பரோவுக்கு நரேன். முதலில் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பவர்கள் கூடக்கூட எழுதி வைத்தார். அது வளர்ந்து நாலு பக்கம் ஆனது. மகன் படிக்கிற இடம், மகள் கல்யாணமாகிப் போன ஊர், சும்மா சுற்றிப் பார்க்க என்று போனவர்கள் எல்லாருடைய கைப்பையிலும் அந்த நாலு பக்கம் இருந்தது.

அதில் இல்லாதது இல்லை. கோட்டை, நெருப்பு கக்கி அணைந்த எரிமலைப் பாறை மேல் நிற்கிறது, காலையில் முதல் ஆளாகப் போங்கள். புதிய ஊர் என்று சொல்லும் பகுதிக்கே இருநூற்று ஐம்பது வயது, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம், ஆட்டு ஈரலிலும் குடலிலும் செய்கிற அந்த ஊர் ஹாகிஸ்கூடப் பருப்பிலும் ஓட்ஸிலும் செய்தது கிடைக்கும். பஸ்ஸில் மீதிச் சில்லறை தர மாட்டார்கள். குடை கொண்டு போகாதீர்கள், அந்த ஊர்க் காற்று குடையைத்தான் முதலில் சாப்பிடும்.

இந்த நாலு பக்கத்தில் நரேன் தன் கண்ணால் கண்டது நாலைந்து வரிக்கு மேல் தேறாது. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஹோட்டல் நிர்வாகம் படிக்கப் போனவர் அவர். போன இரண்டாம் மாதமே படிப்பு நின்றுபோய், துறைமுகப் பக்கம் லீத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் நுழைந்தார். காலை பத்து மணிக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் எழுந்திருப்பது பாத்திரம் கழுவி முடித்த பிறகு. தூங்குவது கடைக்கு மேல் மாடியில். திங்கட்கிழமை விடுமுறை, அன்று துணி துவைத்துவிட்டுத் தூங்குவார். கோட்டையைப் பஸ் மாடியிலிருந்து இரண்டு முறை பார்த்தார். ஞாயிறு தவிரத் தினமும் ஒரு மணிக்கு அங்கே பீரங்கி வெடிப்பார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் சமையலறையில் அந்தச் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் அவருடைய எடின்பரோ. ஆனால் கிள்ளானில் அம்மா அவர் கடிதங்களை அக்கம்பக்கத்துக்குப் படித்துக் காட்டுகிறார் என்று தெரிந்தபோது, கடிதத்தில் கோட்டைக்குள் போனார், குன்று ஏறினார், அரண்மனை வாசலில் நின்றார். அன்று ஆரம்பித்தது. ஆக்லாந்தில் நாலு பேர் ஆர்வமாகக் கேட்டபோது நிறுத்த மனம் வரவில்லை. ஒடாஹுஹு நூலகத்தில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மீதியை எழுதினார். மனைவி கௌரிகூட நம்பினாள்.

போன மே மாதம் வேதவள்ளி அக்கா வந்தார்.

வேதவள்ளி அக்காவும் மலேசியாக்காரர்தான், அறுபத்தொரு வயது. பாட்டனி டவுன்ஸில் திரைச்சீலை விற்கும் கடையில் இருபது வருஷமாக நின்றே வேலை, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டுதான் நடப்பார். தனி ஆளாக ஒரே மகள் ரஷ்மியை வளர்த்தவர். சனிக்கிழமை கடையில் கூட்டம் என்பதால் மகளின் நெட்பால் ஆட்டம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. பரிசளிப்பு விழாவுக்குப் போய்ச் சேரும்போது நாற்காலியை மடக்கிக்கொண்டிருப்பார்கள். "எங்கம்மா கடைசியிலதான் வருவாங்க" என்று ரஷ்மி சிநேகிதிகளிடம் சொல்வதை ஒருமுறை அவரே காதால் கேட்டிருக்கிறார். இப்போது அந்த ரஷ்மி எடின்பரோவில் மேற்படிப்பு முடித்துவிட்டாள். ஜூலையில் பட்டமளிப்பு.

"இந்த ஒரு தடவ நான் லேட்டாகக் கூடாது நரேன்" என்றார் அக்கா. "ரூம்லருந்து மண்டபம் வரைக்கும் எப்படிப் போறதுன்னு நீயே எழுதிக் குடுத்துரு லா. டாக்ஸி வைக்கச் சொல்றா ரஷ்மி. எனக்கு அந்த ஊர் டாக்ஸிக்காரன் பேசறது புரியாது. நடந்தா நம்ம கால நம்பலாம்."

பட்டமளிப்பு நாளன்று ரஷ்மி காலை எட்டு மணிக்கே அங்கி வாங்கப் போயாக வேண்டும், அம்மா தனியாகத்தான் வர வேண்டும். நரேன் வரைபடத்தைப் பார்த்தார். அக்கா தங்கப்போகும் விடுதி காவ்கேட் என்ற தெருவில். அதை ஜார்ஜ் என்று தொடங்கும் ஒரு தெரு குறுக்கே வெட்டுகிறது. அந்தத் தெரு நேராக மண்டபத்துக்குப் போகிறது. 'வாசலில் இறங்கி வலப்பக்கம் நடங்கள். குறுக்குத் தெரு வந்ததும் இடப்பக்கம் திரும்புங்கள். எட்டு நிமிடம்' என்று எழுதினார். பக்கத்தில் ஒரு படமும் போட்டு, திருப்பத்தில் அம்புக்குறி வைத்தார். அக்கா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார்.

ஜூலை கடைசியில் அக்கா திரும்பி வந்தார். நரேன் கேட்பதற்கு முன்னாலேயே, நான் போகும்போது முடிஞ்சிருச்சு தம்பி என்றார். ரஷ்மியின் பேரைக் கூப்பிட்டு, அவள் மேடையேறி இறங்கி, மண்டபமே காலியாகி, அவள் வெளியே புல்வெளியில் மற்றவர்களின் அம்மாக்களைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாளாம். மகள் கத்தவில்லை, அழவில்லை. "பரவால்ல மம், எதிர்பார்த்ததுதான்" என்று மட்டும் சொன்னாளாம்.

"உன் பேப்பர்ல தப்பில்ல. அரை மணி நேரம் முன்னாடியே எறங்கியும் எனக்குத்தான் அந்தத் திருப்பம் கண்ணுல படல" என்றார் அக்கா.

அன்று மாலை நரேன் கணினியில் அந்தத் தெருவின் படங்களைத் தேடினார். திருப்பம் இல்லை. ஜார்ஜ் தெரு தெருவே அல்ல, பாலம். காவ்கேட் ஒரு பள்ளத்தின் அடியில் ஓடுகிறது, பாலம் வீட்டு மாடி உயரத்தில் அதன் தலைக்கு மேலே போகிறது. வரைபடத்தில் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. தரையில் தொட்டுக்கொள்வதே இல்லை. அங்கே ஒரு நாள் நடந்த எவனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

அதிலும் அவர் செய்திருக்கக் கூடாது. கிடங்கில் புதிதாகச் சேர்பவர்களுக்கு அவர் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான்: வரிசை எண்ணும் ரேக் எண்ணும் மட்டும் பார்த்துவிட்டுப் போகாதே, எத்தனையாவது அடுக்கு என்று பார். கீழ் அடுக்கில் பெயிண்ட் டின் இருக்கும், அதே எண்ணில் நாலாவது அடுக்கில் கண்ணாடி இருக்கும்.

மூன்று வாரம் அவர் அக்காவின் கண்ணில் படாமல் திரிந்தார். பாட்டனி டவுன்ஸ் பக்கம் ஏதாவது வாங்க வேண்டுமென்றால் கௌரியை அனுப்பினார். வேலையில் ரேக்குக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு மேல் அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்துக்கு அடியில் பட்டுப்புடவையும் முழங்கால் பட்டையுமாக அக்கா தலையை நிமிர்த்தி நிற்பது தெரியும். மேலே பஸ் போகிற சத்தம் கேட்கும், ஏற வழி இருக்காது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை கோயில் கூடத்தில் சாப்பாட்டு வரிசையில் சோதிலிங்கம் அண்ணர் அவரைப் பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர், எழுபது தாண்டியவர், இதயத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். மருமகனுக்கு எடின்பரோவில் வேலையாம், அடுத்த மாதம் இவருக்கு அங்கே பயணமாம்.

"உங்கட பேப்பர் ஒண்டு தாங்கோ தம்பி. நீங்கள் எழுதினா அந்த ஊர்க்காரனே பிழை கண்டுபிடிக்கேலாதாம் எண்டு கதைக்கினம்."

நரேன் தட்டைப் பார்த்தபடி, அது பழசு அண்ணே, இப்ப எல்லாம் மாறியிருக்கும் என்று முனகினார். இரண்டு ஆள் தள்ளி நின்ற வேதவள்ளி அக்கா திரும்பினார்.

"அவர் பேப்பர நம்பிப் போங்கண்ணே. நான் ஒருத்திதான் அத வச்சிக்கிட்டும் வழி தவறுனவ. என் மகளே சொல்லுவா, எங்கம்மாவுக்குக் கடிகாரமும் தெரியாது, திசையும் தெரியாதுன்னு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். நரேன் தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை கௌரியிடம் முதலில் சொன்னார். அவள் கையிலிருந்த தோசைக்கரண்டியைக் கீழே வைக்காமல் முழுவதையும் கேட்டாள். பிறகு, "என்கிட்ட சொன்ன பொய்ய அப்புறம் பாத்துக்கறேன். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அக்கா எட்டு மணிக்கு ரஷ்மிக்குப் போன் போடுவாங்க. அதுக்குள்ள போங்க" என்றாள்.

அவர் நாலு பக்கத்தையும் சிவப்பு மார்க்கரையும் எடுத்துக்கொண்டார். அக்கா வீட்டுக்கு எதிரே காரை நிறுத்தி, ஸ்டியரிங் மேல் தாள்களை வைத்து, தான் பார்க்காத ஒவ்வொன்றையும் அடித்தார். கோட்டைக்குள் போனது, குன்று, அரண்மனை, ஹாகிஸ், எல்லாம் போயின. முடித்தபோது காற்றும், பஸ் சில்லறையும், பீரங்கிச் சத்தமும், டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும் என்பதும் மிஞ்சின.

அக்கா கதவைத் திறந்ததும் தாள்களை நீட்டினார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பக்கத்தையும் நின்றபடியே பார்த்தார்.

"சிவப்புல அடிச்சதெல்லாம்?"

"நான் பாக்காதது அக்கா. போகாத எடம். உங்களுக்கு எழுதுன வழியும் மேப்ப பாத்து எழுதுனதுதான். அது திருப்பமில்ல, பாலம். நீங்க தவறவிடல. அங்க திரும்பவே முடியாது."

அக்கா தாள்களோடு உள்ளே போய் அவற்றை மேசையில் வைத்தார், நரேன் பின்னாலேயே போனார். திட்டிவிட்டால் தேவலை என்று நரேனுக்கு இருந்தது.

"பாலத்துக்குக் கீழ நாப்பது நிமிஷம், மேல ஏறி ஒரு மணி நேரம்" என்றார் அக்கா. "எதுத்தாப்புல ஒரு சந்துல படி இருந்துச்சு. எத்தன படின்னு எண்ணக்கூட முடியல. ஏறிப் பாத்தா வேற பக்கத்துப் பெரிய தெரு. ஒருத்தன் பேக்பைப் ஊதிக்கிட்டு நிக்கிறான். அவன்கிட்ட உன் பேப்பர காட்டறேன். அவன் தலைய ஆட்டறான். அப்பகூட நான் அவனத்தான் நம்பல."

சுவர்க் கடிகாரத்தில் எட்டு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. அக்கா போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார். நரேனை உட்காரச் சொல்லவில்லை.

ரஷ்மியின் குரல் வந்தது. அங்கே சனிக்கிழமை. இங்கிலீஷில்தான் பேசினாள்: சாப்பிட்டேன் மம், நல்லா இருக்கேன், நாளைக்கு வேலை இருக்கு. போன் வைக்கப்போகிற அவசரம் அதில் தெரிந்தது.

"நரேன் அங்கிள் உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றார் அக்கா.

நரேன் குனிந்து போனைப் பார்த்துப் பேசினார். லீத் சமையலறையிலிருந்து தொடங்கி அம்புக்குறி வரை சொன்னார். எங்கும் நின்று மூச்சு விடவில்லை. "ஒங்கம்மா லேட்டாக் கெளம்பலம்மா. அரை மணி நேரம் முன்னாடியே எறங்கிட்டாங்க. நான் அவங்கள பாலத்துக்கு அடியில கொண்டுபோய் நிறுத்திட்டேன்."

ரஷ்மி பேசினாள். அவரிடம் பேசவில்லை.

"மம், எந்தப் படி?" தமிழில் கேட்டாள். அவள் தமிழ் பேசி நரேன் கேட்டதே இல்லை. "எந்தப் படி ஏறுனீங்க?"

"பேரெல்லாம் எனக்கென்ன தெரியும்? கீழ பீர் பீப்பா அடுக்கி வச்சிருந்துச்சு. அதுமேல உக்காந்துதான் முட்டிப் பட்டைய இறுக்கிக் கட்டுனேன்."

"அதுலயா? நானே அதுல நடுவுல நின்னு நின்னுதான் ஏறுவேன், மம்." குரல் உடைந்தது. "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ 'எதிர்பார்த்ததுதான்'னு சொல்லிட்ட. அப்புறம் என்னத்த சொல்றது?"

அக்கா ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டார். நரேன் மேசையிலிருந்த தாள்களை எடுக்கப் போனார். அக்கா போனை ஒரு கையால் மூடி அவரை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"அத வச்சிட்டுப் போ. சோதி அண்ணனுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

நரேன் கதவைத் தானே சாத்திக்கொண்டு வெளியே வந்தார். காரில் ஏறிச் சோதிலிங்கத்தின் எண்ணைத் தேடி அழுத்தினார். எதிரே ஜன்னலில் அக்கா இன்னும் போனோடு நடந்துகொண்டிருந்தார், ஒரு கையை மேலே உயர்த்தி எதையோ காட்டிக்கொண்டு. அந்தப் பாலத்தின் உயரமாக இருக்க வேண்டும்.

ஓம், சொல்லுங்கோ தம்பி என்றது சோதிலிங்கத்தின் குரல்.