இரு கரை வருஷங்கள்

டைப்ரைட்டரில் வரி முடியும்போது ஒரு மணி அடிக்குமே, அந்த ‘டிங்’. நேற்று தாலுகா ஆபீஸ் வாசலில், மனு அடிப்பவரின் பழைய மெஷின் அதை ஒருமுறை சொன்னது. அவ்வளவுதான். எழுபதுகளின் கடைசி, சவூதியின் தம்மாம், தண்ணீர் சொட்டும் ஏ.சி., என் மேஜைக்கு எதிரே ஸ்டோர் சாச்சா.

சாச்சா பஹ்ரைன்காரர்; எங்கள் கம்பெனிக் கிடங்கு அவர் பொறுப்பு. அரபு நாக்குக்குப் பம்பாயின் ‘ப’ வரும், பழனியின் ‘ப’ வராது. ‘டைப்’ என்பதை ‘தய்ப்’ என்பார். ‘நல்லது’ என்பதற்கும் அவர்கள் மொழியில் ஏறக்குறைய அதே சொல். சேர்ந்த புதிதில் நான் அடித்த கடிதத்தைப் பார்த்து ‘தய்ப்’ என்றார், மறுபடி அடித்தேன். ‘தய்ப், தய்ப்’ என்றார். இன்னும் இரண்டு படி அடித்தேன். அப்புறம் உடைந்த உருதுவில் கத்தினார்: “மதராஸி, நல்லா இருக்குன்னு சொன்னா உனக்கு ஏன்டா விரல் அரிக்குது?”

ஒரு வருஷம் அவர் பார்வை மங்கத் தொடங்கியது. திருகாணியின் அளவைத் தடவிப் பார்த்துச் சொன்னார். வேலையை விட்டால் பென்ஷன்தான் கதி. அதற்கு இத்தனை வருஷம் என்று விதி. அவர் உழைப்பில் பாதி பஹ்ரைனில், பாதி சவூதியில்; எந்தக் கரையிலும் விதிக்கு எட்டவில்லை. இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள் என்பதுதான் மனு. அவர் சொல்ல, மேனேஜர் சிபாரிசு செய்து பென்ஷன் ஆபீசுக்கு அனுப்புவதற்காக நான் இங்கிலீஷில் அடித்தேன். “காலையில படகேறினா மத்தியானச் சோத்துக்கு வீடு. நான் கடல் தாண்டலாம், என் வருஷம் தாண்டக்கூடாதா?” இதை எந்த இங்கிலீஷில் அடிப்பது?

மாதங்கள் கழித்துப் பதில். என்னைத்தான் படிக்கச் சொன்னார். இரு நாடுகளுக்கும் நடுவே அப்படியொரு ஏற்பாடு இல்லை. நீளமான கடிதம்; என் வாயில் வந்தது ஒரே சொல். “மாஃபி, சாச்சா.” இல்லை.

இப்போது அந்த அண்டை நாட்டுக்காரர்கள் ஒருவர் ஊரில் ஒருவர் உழைத்தாலும், அந்த வருஷம் சொந்த நாட்டுப் பென்ஷனில் சேருமாம், பேப்பரில் படித்தேன். அங்கே கழிந்த என் வருஷங்களை யாரிடம் கேட்பது? அது வேறு மனு.

நேற்று அடித்ததும் அதே ‘டிங்’. சாச்சா ஊருக்குப் படகேறிய காலையும் அப்படித்தான். வரி முடிந்து மணி அடிக்க, கதவுப்பக்கம் நின்றிருந்தார். கண் என்னைத் தேடியது, கை நிலையைப் பிடித்திருந்தது. அவர் சொன்னது இன்னொரு மனு அடி என்றா, போதும் என்றா, இன்றுவரை தெரியவில்லை. நான் புதுத்தாளைச் செருகிவிட்டேன்.

“மதராஸி... தய்ப்.”