கூடையை வெளியே வைக்கச் சொன்ன சாமியார்

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். திருவொற்றியூர்க் கடற்கரையில் எங்கள் குப்பம். எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். கட்டுமரங்கள் கரை சேர்ந்ததும் மணலிலேயே மீனை ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு காலடிப்பேட்டைத் தெருக்களில் கூவி விற்பேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் இதை நானே எழுத முடிகிறது. ஆனால் அப்போது என்னை ஊருக்குத் தெரிந்தது படிப்பால் இல்லை, வாயால். குழாயடியில் நான் குடத்தை இறக்கினால் எதிரே நிற்பவள் தன் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். அதையும் பாதியில் பிடுங்கி நானே முடித்துவிடுவேன். துடுப்புப் போட்டால் நாலு பேர் நின்று பார்க்கிற தோள் அவருக்கு. அப்படிப்பட்டவருக்கு ஒரு ஐப்பசி மழையில் இழுப்பு வந்தது. படுத்தால் மூச்சு அடைக்கும், சுவரில் சாய்ந்தபடிதான் தூங்க வேண்டும். அவரோடு கட்டுமரம் ஏறினவர்கள் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். இவர் கரையில் உட்கார்ந்து வலையைப் பழுது பார்ப்பார். கடல் பக்கம் மட்டும் திரும்பவே மாட்டார். 

அதே மழையில்தான் அந்த யோக சபையும் எங்கள் குப்பத்துக்கு வந்தது. பட்டணத்தில் அவர்களுக்குப் பெரிய மடம். குடிசை இழந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற வந்தவர்கள், மழை விட்ட பிறகும் போகவில்லை. ஊர்ப் பொதுவில் ஒரு பழைய உப்புக் கிடங்கு இருந்தது, வலை போட்டு வைக்கிற இடம். அதை ஊரிடம் கேட்டு வாங்கி, காலையில் பிள்ளைகளுக்குக் கஞ்சி, பகலில் புண்ணுக்கு மருந்து, வெயில் தாழ்ந்ததும் மூச்சுப் பயிற்சி என்று நடத்தினார்கள். நடத்தியது ஒரே ஒருவர்தான். ஒல்லியான மனிதர், முப்பது வயசுக்குள் இருக்கும், காவி வேட்டி, தெற்கத்திப் பேச்சு. நாங்கள் சாமி என்போம்.

என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்காமல் ஒருநாள் அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். நான் செய்த கேலிக்கு அளவில்லை. மீன்பிடிக்கிற மனுஷன் கண்ணை மூடி மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் ஒரு மாதம் போன பிறகு ஒரு விடியலில் கண் விழித்துப் பார்க்கிறேன், பாயில் காலை நீட்டிப் படுத்து, நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புருஷன் குறட்டையைக் கேட்டு அழுத பெண்டாட்டி இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"தை பொறந்தா மரம் ஏறிடுவேன்மே" என்றார் அன்றைக்கு. அதற்குப் பிறகு நான் கேலி செய்யவில்லை.

இந்த நேரத்தில்தான் பட்டணத்தில் அந்தச் சபையின் பெயர் நாறத் தொடங்கியது. மடத்துப் பெரியவர் பணக்கார வீட்டுப் பையன்களுக்கு மொட்டை போட்டுத் தன்னோடு வைத்துக்கொள்கிறார், வெளியில் ஏழைக்குக் கஞ்சி, உள்ளே சாதி பார்த்துப் பந்தி என்று ஒரு வாரப் பத்திரிகை எழுதியது. மேடை போட்டும் பேசினார்கள். அதில் எது மெய், எது பொய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் குப்பத்திலும் அந்தப் பேச்சு வந்து சேர்ந்தது. "உன் ஊட்டுக்காரன் காவி கட்டிக்கினு பூடப் போறான், பாத்துக்கோ" என்று பக்கத்து வீட்டுக்காரி சீண்டுவாள். நான் சிரித்துவிட்டுப் போவேன். ஆனால் உள்ளே ஒரு முள் குத்திக்கொண்டுதான் இருந்தது.

மார்கழியில் ஒருநாள் உச்சி வெயில். நிறைந்த கூடையோடு காலடிப்பேட்டைக்குக் கிளம்பிப் பாதி வழி போயிருப்பேன். வலை பின்னுகிற இடத்தில் இவருக்கு மூச்சு திணறி, நாலு பேர் கிடங்குக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள் என்று ஆள் வந்து சொன்னான். கூடையை இறக்கவும் தோன்றாமல் அப்படியே ஓடினேன். கிடங்கு வாசலில் அந்தச் சாமி குறுக்கே நின்றார்.

"அம்மா, கூடையை வெளியே வச்சிட்டு வாங்க."

எனக்கு வந்த கோபத்துக்குச் சொல்ல வார்த்தை இல்லை. புருஷன் உள்ளே துடிக்கிறான், இவனுக்கு மீன் நாற்றம் பெரிதாகப் போய்விட்டதா? கூடையைத் தொப்பென்று மணலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இப்படித்தான் உட்கார வேண்டும், இப்படித்தான் மூச்சை மெதுவாக விட வேண்டும் என்று சாமி முன்பே கற்றுக்கொடுத்திருந்ததால் தானாகவே செய்துகொண்டிருந்தார். பக்கத்தில், சாமிக்கு உதவியாகக் கஞ்சி காய்ச்சுகிற கிழவர் ஒருவர் சுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு மெல்லச் சீரானது. அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்துவிட்டுத் திரும்பிப் போய்க் கூடையை எடுத்தேன். அந்த வெயிலிலும் மீன் கெடவில்லை, காக்கை கொத்தவில்லை. அதைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்காமல் தலையில் ஏற்றிக்கொண்டு போய் விற்றுவிட்டேன்.

சாயங்காலம் குழாயடியில் ஆரம்பித்தேன். "மீன் நாத்தமாம், வெளிய வச்சிட்டு வரணுமாம். நம்ம எடத்துல குந்திக்கினு நம்மளையே கலீஜுன்றான்." அவ்வளவுதான் நான் சொன்னது. மறுநாள் அது, கூடையை எட்டி உதைத்தார் என்று ஆனது. அதற்கடுத்த நாள், என் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார் என்று ஆனது. என்னிடமே வந்து, "மெய்யாலுமா தள்ளினான்?" என்று கேட்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. எல்லாரும் என் பக்கம் நின்று பேசும்போது வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வாழ்நாள் முழுக்கத் திறந்தே இருந்த வாய் அன்றைக்குப் பார்த்துத்தான் மூடிக்கொண்டது.

பத்திரிகைப் பேச்சும் இதுவும் சேர்ந்துகொண்டன. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம், சபையைக் காலி பண்ணச் சொல்லிவிடுவது, அதுவரை யாரும் அந்த வாசல் மிதிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி அனுப்பினார்கள். கஞ்சி நின்றது. என் வீட்டுக்காரரின் மூச்சுப் பயிற்சியும் நின்றது. அவர் மறுபடி சுவரில் சாய்ந்து தூங்க ஆரம்பித்தார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் மீன் ஆய்ந்துகொண்டே அந்தச் சாமியைத் திட்டிக்கொண்டிருந்தேன். இவர் திடீரென்று என் முன்னால் இருந்த அரிவாள்மனையை எடுத்துத் தள்ளி வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் செய்ததில்லை.

"கொஞ்சம் வாய மூடுமே. நான் ஜன்னலாண்டதான் குந்திகினு இருந்தேன். பாத்தேன்."

"இன்னாத்தப் பாத்தே?"

அவர் மூச்சு வாங்கி வாங்கி, நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் உள்ளே இருந்த நேரமெல்லாம் அந்தச் சாமி என் கூடைக்குப் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தாராம். தன் மேல்துண்டைக் கடல் தண்ணீரில் நனைத்து மீன் மேல் போர்த்தினாராம். காய்ந்தபோதெல்லாம் எழுந்து போய் மறுபடி நனைத்துவந்தாராம். காக்கையையும் நாயையும் கையால் விரட்டினாராம். பிறந்ததிலிருந்து மீன் பக்கமே போகாத உடம்பு. நாற்றம் தாங்காமல் இரண்டு தடவை சுவருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாராம்.

"வாயக் கழுவிக்கினு திரும்ப வந்து குந்திக்கினாருமே. நாம கெளம்பறத பாத்துட்டுத்தான் எழுந்துகினு போனாரு."

"இத ஏன்யா இத்தினி நாளா சொல்லல?"

"நீ எங்க என்னப் பேச உட்ட? எனக்கு மூச்சே பாதிதான் கீது."

அதைக் கேட்டதும் கூசிப்போனேன். மீனும் நானும் அப்படியே கிடந்தோம். அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மறுநாள் அம்மன் கோயில் முன்னால் மணலில் ஊர் கூடியது. ஆம்பிளைகள் வட்டமாக உட்காருவார்கள், பெண்கள் பின்னால் நிற்போம். பெண்கள் அங்கே பேசுவது வழக்கம் இல்லை. சாமியைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். "கூடைய வெளிய வைக்கச் சொன்னியா?" என்று ஊர்த் தலைவர் கேட்டார். "சொன்னேன்" என்றார். வெயிலில் உட்கார்ந்ததைச் சொல்லுவார், சொல்லுவார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

"காலி பண்ணிட வேண்டிதுதான்" என்று தலைவர் வாயெடுத்தபோது நான் வட்டத்துக்குள் வந்துவிட்டேன்.  யாரும் என்னைத் தள்ளவில்லை, கூடையை உதைக்கவில்லை, அவர் என் மீனுக்குக் காவல் இருந்தார், அது தெரியாமல் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன், பொய் என்று தெரிந்த பிறகும் சும்மா இருந்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். 

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் மேல் தப்பாகப் பழி சொன்னவர் ஊர் முன்னால் மணலில் குப்புற விழுந்து கிடக்க வேண்டும். ஊர் மன்னித்ததா என்று தலைவர் மூன்று தடவை கேட்டு, எழுந்திரு என்று சொன்ன பிறகுதான் எழலாம். பெண்பிள்ளை தப்புச் செய்தால் அவள் புருஷன் விழ வேண்டும். கோபத்தில் பேசியபோதும் சரி, கூட்டத்துக்குள் வந்தபோதும் சரி, இது என் புத்தியில் உறைக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு உறைத்திருந்தது. முதல் நாளே தெரிந்துதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். எழுந்து வந்தார், துண்டை இடுப்பில் கட்டினார், மணலில் குப்புற விழுந்தார்.

படுத்தாலே மூச்சு முட்டுகிற மனுஷன். முகம் மணலில் இருந்தது. தலைவர் முதல் தடவை கேட்டார். அவர் முதுகு ஏறி ஏறி இறங்கியது. ஒவ்வொரு இழுப்புக்கும் விசில் மாதிரி ஒரு சத்தம். எனக்கு ஊராவது, வழக்கமாவது. நானும் அவர் பக்கத்தில் விழுந்தேன். "வாய் என்னுது, நான் கெடக்கறேன். அவர எழுப்பிவுடுங்க நைனா" என்று கத்தினேன். பெண் ஒருத்தி அங்கே விழுந்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள். தலைவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை போலிருக்கிறது. மீதி இரண்டு தடவையையும் ஒரே மூச்சில் கேட்டு, "எந்திரிங்க, ரெண்டு பேரும் எந்திரிங்க" என்றார்.

எனக்கு முன்னால் சாமி ஓடிவந்து அவரைத் தூக்கி நிமிர்த்தி உட்காரவைத்தார். அவர் முதுகைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு, "மெதுவா விடுங்க, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே தானும் கூடவே மூச்சை விட்டார். ஊர் முழுக்கச் சுற்றி நின்று பார்த்தது. கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் அடங்கியது. காலி பண்ணுகிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் நான் தனியாகப் போய், ஊர் கேட்டபோது ஏன் சாமி சொல்லவில்லை என்று கேட்டேன். "வெளியே வைக்கச் சொன்னது தப்புதானேம்மா. சொன்ன உடனே உங்க முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்காகத்தான் அங்கே உட்கார்ந்தேன்" என்றார். பேசும்போதே கிடங்கின் கதவுக்கு உட்பக்கம் ஈரக் கோணி ஒன்றை விரித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து கூடைகள் உள்ளே வந்தன. பட்டணத்து மடத்தில் அது பிடிக்கவில்லை என்று கேள்வி. அடுத்த ஆடிக்குள் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். எங்கே போனார் என்று பிறகு தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் தையில் இல்லை, மாசியில் மரம் ஏறினார். இழுப்பு முழுக்கப் போகவில்லை. ஆனால் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார். வயதாகியும் என் வாய் குறையவில்லை, மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் நாலு பேர் நடுவில் இன்னொருவரைப் பற்றிப் பேச எழும்போதெல்லாம், எனக்காக மணலில் முகம் புதைத்துக் கிடந்தவரின் முதுகு ஏறி இறங்கியது கண்ணுக்குள் வந்து நிற்கிறது. நான் பேச்சை நிறுத்திவிட்டு, தெரிந்துதான் பேசுகிறேனா என்று ஒரு மூச்சு நேரமாவது யோசித்துக்கொள்கிறேன்.