மேகாத்து அடித்தால் மிஷின் நிற்கும்

1. வண்டிக்கு முன்னால் நின்றவர்

டேங்கில் மருந்தைக் கலக்கி, குட்டை டிராக்டரைத் திராட்சைப் பந்தலுக்குள் விடப் போன நேரத்தில் ஒரு பெண் ஓடி வந்து வண்டிக்கு முன்னால் நின்றார். கையில் மல்பெரிக் குச்சி ஒன்று. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அன்றைக்கும் வந்தது.

"ஏத்தா, சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுச்சா?"

"வண்டிய ஆஃப் பண்ணுங்கண்ணே. காத்து எங்கிட்டுப் போகுதுன்னு பாருங்க."

பார்த்தேன். பந்தல் கல்லில் கட்டியிருந்த பழைய சாக்கு கிழக்குப் பக்கமாக நீட்டிக்கொண்டு பறந்தது. மேற்கு மலையிலிருந்து இறங்குகிற காற்றை எங்கள் பக்கம் மேகாத்து என்போம். கிழக்கே ஒரு வரப்பைத் தாண்டினால் அந்தப் பெண்ணின் மல்பெரித் தோட்டம். பெயர் ஆரோக்கியம். வங்கியில் கடன் வாங்கிக் கொட்டகை செட் போட்டு பட்டுப்புழு வளர்க்கிறவர்.

"நீங்க இலைப்பேனுக்கு அடிக்கிற மருந்து என் மல்பெரி எலையில லேசாப் பட்டாலே போதும், புழு பூராம் கக்கிச் செத்துரும். இப்ப அஞ்சாம் பருவம், அள்ளி அள்ளித் திங்கிது. இன்னும் நாலஞ்சு நாள்ல கூடு கட்ட ஏறிரும். ஏறிருச்சுன்னா எதையும் திங்காது. அதுவரைக்கும் பொறுங்கண்ணே."

பந்தலுக்குச் சொந்தக்காரர் தவசி. முறைக்கு எனக்கு மாமா. அவர் பம்ப் செட் பக்கமிருந்து வந்தார்.

"ஏன் மாப்ள நிக்கிற? என் தோட்டம், என் மருந்து. அவுகளுக்கு என்ன இங்கன வேலை?"

"காலையில காத்து எந்திரிக்கிறதுக்கு முன்னால வந்து அடிச்சுத் தாறேன் மாமா."

"பேன் பூவைக் கருக்கிரும்யா. இப்பவே அடி."

"அவசரம்னா வேற மிஷினக் கூப்பிட்டுக்கங்க."

சுற்று வட்டாரத்தில் வேறு மிஷின் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே போனார். மறுநாள் விடியும்போது காற்று படுத்திருந்தது. அடித்த மருந்து பந்தலுக்குள்ளேயே நின்றது. ஆரோக்கியத்தின் புழு அந்த முறை பிழைத்துக்கொண்டது.

2. ஒற்றை மிஷின்

கல்லூரியில் நான் பி.ஏ. பொருளாதாரம். நுண்பொருளியல் தாளை எழுதி எழுதிப் பார்த்துவிட்டு, போதும் சாமி என்று ஸ்டியரிங்கைப் பிடித்தவன். முற்றுரிமை, புறவிளைவு, பொதுப் பண்டம் என்ற மூன்று பாடமும் எனக்குத் தலையில் ஏறவே இல்லை. பின்னால் மருந்து நாற்றத்தோடு ஏறியது.

முற்றுரிமை என்றால் என்ன என்று கேட்டால், அந்தக் காலத்து என்னைக் காட்டுவேன். கைத்தெளிப்பானை முதுகில் சுமந்து பந்தலுக்கடியில் குனிந்து அடிப்பதற்கு ஆள் கிடைக்காமல் போன சமயம் அது. மருந்தைக் காற்றோடு ஊதித் தெளிக்கிற புளோயர் மாட்டிய டிராக்டர் என்னிடம் மட்டும்தான் இருந்தது. நான் சொன்னதுதான் வாடகை. மூன்று தோட்டம் முடிக்கக்கூடிய நாளில் இரண்டோடு நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போவேன். காக்க வைத்தால்தான் மதிப்பு. கடையில் உட்கார்ந்தால் டீக்கு நான் காசு கொடுத்ததே இல்லை. "ஒத்த மிஷின வச்சுக்கிட்டு ராசாங்கம் பண்றான்யா" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பேசியது சரிதான்.

ஆனால் ஒன்று. எந்தத் தோட்டத்துக்கு என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் என் கையில் இருந்தது. ஆரோக்கியம் போன் செய்து "அண்ணே, இளம்புழு இறக்கியிருக்கேன்" என்றால், அவர் தோட்டத்துக்கு மேற்கே இருக்கிற பந்தல்களை விடியற்காலைக்கு ஒதுக்கிவிடுவேன். நான் பெரிய தர்மவான் என்று யாரும் நினைக்க வேண்டாம். காக்க வைக்கிற பழக்கம் எனக்கு ஏற்கெனவே இருந்தது, அது அவருக்கு உதவியது, அவ்வளவுதான்.

3. பாண்டி வந்தான்

பிறகு பாண்டி என்ற இளவட்டம் மானியத்தில் புது மிஷின் எடுத்தான். நல்ல உழைப்பாளி. வாடகையைக் குறைத்தான். நானும் குறைத்தேன். அவன் இன்னும் குறைத்தான். போன் அடித்த ஒரு மணி நேரத்தில் வாசலில் நின்றான். டீக்கடையில் என் டீக்கு நானே காசு கொடுக்க வேண்டி வந்தது. விவசாயிகளுக்கு இது நல்ல காலம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எரிச்சல் மட்டும் இருந்தது.

ஆனால் இப்போது யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நான் "காத்து அடிக்குது, காலையில வாறேன்" என்றால், "நீ கெட, பாண்டி வாறான்" என்றார்கள். பாண்டி மறுத்தால் நான் போய்விடுவேன் என்று அவனுக்குப் பயம். எனக்கும் அவன் மேல் அதே பயம்தான்.

ஒரு நாள் மதியம் ஆரோக்கியத்திடமிருந்து போன் வந்தது. பேச்சே இல்லை, அழுகை மட்டும். போய்ப் பார்த்தேன். தட்டு தட்டாகப் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. வாயிலிருந்து பச்சையாக வழிந்தது. இலை தின்கிற சரசரப்பு இல்லாமல் செட் அமைதியாகக் கிடந்தது. கூடு கட்ட ஏறுவதற்கு இரண்டு மூன்று நாள்தான் பாக்கி. முந்தின நாள் மேகாத்தில் தவசி தோட்டத்துக்குப் பாண்டி மருந்து அடித்திருக்கிறான். வரப்போரத்துச் செடியெல்லாம் நனைந்துவிட்டது.

ஆரோக்கியம் தவசியிடம் போய்க் கேட்டார். நானும் கூடப் போனேன்.

"சித்தப்பா, என் புழு பூராம் போச்சு."

"கேக்கக் கஷ்டமாத்தான்த்தா இருக்கு. ஆனா நான் என் தோட்டத்துலதான அடிச்சேன்? காத்துக்கு நான் கயிறு கட்டி இழுக்க முடியுமா?"

பேனை ஒழிக்க மருந்துக்கும் வாடகைக்கும் தவசி காசு கொடுத்துவிட்டார். பாண்டி வாங்கிக்கொண்டான். இரண்டு பேருக்கும் கணக்கு நேராகிவிட்டது. அந்தப் பேரத்தில் உட்காராத ஒருத்தி தலையில் மீதிச் செலவு விழுந்தது. புறவிளைவு என்று புத்தகத்தில் போட்டிருந்தது இதைத்தான். பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதினேன், புரியவில்லை. அன்றைக்குச் செத்த புழுவைக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு தூவும்போது புரிந்தது.

ஆரோக்கியம் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்: "இன்னும் ஒரு தடவை இளம்புழு வாங்குறேண்ணே. அதுவும் போச்சுன்னா செடியப் பிடுங்கிப் போட்டுட்டு, ஏலக்காத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போற ஜீப்புல நானும் ஏறிற வேண்டியதுதான்."

4. காத்தாடி நின்ற நாள்

அவர் அடுத்த இளம்புழுவை வாங்குவதற்கு முன்னால் இது நடந்தது. தவசி பந்தலில் கவாத்து முடிந்து புதுத் துளிர் விட்டிருந்தது. திடீரென்று இலையெல்லாம் விசிறி மடித்த மாதிரி சுருங்கின. கொடி முறுக்கிக்கொண்டது. பூங்கொத்து வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. தவசி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மேற்கே மக்காச்சோளக் காடு. அதில் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். மக்காச்சோளத்தை அது ஒன்றும் செய்யாது. திராட்சைக்கு அதன் வாடை பட்டாலே ஆகாது. அடித்தது யார்? பாண்டிதான். அவனைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"ஏலே, மேகாத்துலயா களைக்கொல்லி அடிச்ச?"

"காத்து இல்லண்ணே. காத்தாடியப் பாத்துட்டுத்தான் ஆரம்பிச்சேன். றெக்கை சுத்தாம நின்னுச்சு."

எங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. காற்று இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் அதைத்தான் அண்ணாந்து பார்ப்போம். அன்றைக்கு ரிப்பேர் வேலைக்காக அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். காற்று அதன் பாட்டுக்கு வீசியிருக்கிறது. பாண்டியை என்ன சொல்வது? எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அந்தத் தப்பைச் செய்திருப்பார்கள்.

தவசி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மக்காச்சோளக்காரரிடம் சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"போனேன் மாப்ள, பாதி தூரம் போனேன். அவன் என்ன சொல்லுவான்? 'என் காட்டுலதான அடிச்சேன்'பான். நான் அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னதுதான. திரும்பி வந்துட்டேன்."

5. கொடி

யோசனை ஆரோக்கியத்தினுடையது. மக்காச்சோளக் காடும் பந்தலும் மல்பெரியும் தெரிகிற முச்சந்தியில் உயரமாக ஒரு கம்பம் நட்டு, துணி கட்ட வேண்டும். துணி தொங்கினால் அடிக்கலாம். எழும்பி நீட்டிக்கொண்டு பறந்தால் எந்த மிஷினும் ஸ்டார்ட் ஆகக் கூடாது.

செலவு பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் எல்லோரிடமும் கேட்டோம். ஆரோக்கியத்துக்கு வடக்கே, கொஞ்சம் மேற்கே தள்ளிப் பந்தல் வைத்திருக்கிற ராசு சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

"கொடி ஆகாசத்துல பறக்கப் போகுது. நான் குடுத்தாலும் தெரியும், குடுக்காட்டியும் தெரியும். அப்புறம் எதுக்குக் குடுக்கணும்?"

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. "அப்ப நீ அதைப் பாக்கக் கூடாது" என்றேன்.

"கண்ணக் கட்டிவிடுவியா?" என்றார்.

ஆரோக்கியம் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஆள் பொதுப் பண்டம் பாடத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார். கடைசியில் தவசி பழைய போர்வெல் பைப் கொடுத்தார். பாண்டி வெல்டிங் செலவை ஏற்றுக்கொண்டான். நான் குழி தோண்டினேன். ஆரோக்கியம் பூப்போட்ட பழைய சேலை ஒன்றைக் கிழித்துக் கட்டினார்.

பாண்டிக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. "நான் நிப்பாட்டினா நீங்க போயி அடிச்சிருவீக. எனக்கு ஆளு போயிரும்."

"நீ நிப்பாட்டினா நானும் நிப்பாட்டுறேன்."

போட்டிக்காரர்கள் கூடிப் பேசினால் தப்பு என்று புத்தகம் சொல்லும். விலையைப் பேசினால் தப்புதான். நாங்கள் வாடகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. காற்றைப் பற்றி மட்டும் பேசினோம்.

6. மறுபடியும் வண்டிக்கு முன்னால்

ஆரோக்கியம் கடைசி முயற்சியாக வாங்கிய புழு அஞ்சாம் பருவத்துக்கு வந்தது. ஒரு வாரமாக நல்ல மேகாத்து. பகலில் நானும் வண்டியை எடுக்கவில்லை, பாண்டியும் எடுக்கவில்லை. ராசுவுக்குப் பொறுமை இல்லை. வெளியூரிலிருந்து ஒரு மிஷினை வரவழைத்துவிட்டார். சேலை படபடவென்று பறந்துகொண்டிருந்த மதியம் அது. எனக்குத் தகவல் வந்து, பைக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் டிராக்டர் சத்தம் நின்றிருந்தது.

வண்டிக்கு முன்னால் தவசி நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் கவாத்துக் கத்தரி.

டிரைவர் திகைத்துப்போய் என்னிடம் சொன்னார்: "கொடியப் பாத்தேண்ணே. ஏதோ கோயில் கொடின்னு நெனச்சேன்."

ராசு கத்திக்கொண்டிருந்தார். "என் தோட்டத்துல நான் அடிக்கிறதுக்கு நீ யாரு?"

"உன் தோட்டந்தாண்டா" என்றார் தவசி. "காத்தும் உன்னுதா?"

ராசு வண்டியைத் திருப்பச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினார்.

"நாளைக்கு வெள்ளென வந்து அடி தம்பி. காத்து படுத்திருக்கும்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுத் தவசி நகர்ந்தார். அவர் திருந்திவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். அவர் பந்தல் மறுபடி துளிர் விட்டிருந்தது. அந்தச் சேலைக் கொடிக்கு மதிப்பு இருந்தால்தான் அவருக்கும் பிழைப்பு. ஆனாலும் அன்றைக்கு அவர் நின்றது ஆரோக்கியத்தின் புழுவுக்காக.

மூன்றாம் நாள் காலையில் ஆரோக்கியத்திடமிருந்து போன் வந்தது. "அண்ணே, ஏறிருச்சு. சித்தப்பாகிட்டயும் சொல்லிருங்க. இனி என்ன வேணா அடிச்சுக்கங்க." அவர் ஜீப்பில் ஏறவில்லை. செட் இன்றைக்கும் நடக்கிறது.

இப்போது நான் மிஷினை விற்றுவிட்டேன். ட்ரோன் ஓட்டப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் கருவி என்னுடையதைவிட உயரத்திலிருந்து அடிக்கிறது, அதனால் காற்றுக்கு இன்னும் வசதி. உங்களைக் கூப்பிடுகிறவர் காசு கொடுக்கிறவர். அவரிடம் பேசி முடித்ததும் வேலையை ஆரம்பிக்காதீர்கள். கூப்பிடாதவர் யார், காற்று போகிற பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆடிக் காற்றில் சேலை கிழிந்தால் ஆரோக்கியமோ நானோ வேறு கட்டுகிறோம். ராசு இன்று வரைக்கும் ஒரு பைசா கொடுத்ததில்லை. ஆனால் தினமும் காலையில் தோட்டத்துக்குப் போகும்போது முச்சந்தியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார். முதலில் எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். இப்போது வருவதில்லை. ஓசியில் பார்க்கட்டும். அவர் பார்த்தால்தான் புழு பிழைக்கும்.