பிலோமினா டீச்சரின் மூன்று குழந்தைகள்

காலை வழிபாட்டுக்கு மாணவிகள் வரிசையில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. பிலோமினா டீச்சர் விடியற்காலையில் காலமாகிவிட்டார். மூன்றாம் வகுப்பு வரிசையின் முன்னால் அவர் நிற்கும் இடத்தில் அன்று யாரும் போய் நிற்கவில்லை.

தென்னூர்ப் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் தெரியும், எத்தனை குழந்தைகள் என்று கேட்டால் "மூணு" என்பார். வீட்டில் இருந்தது ஒரு மகள்தான். முதல் இரண்டும் இறந்தே பிறந்தவை; பார்த்தவர்கள் வியக்கும்படி பெரிய குழந்தைகள். கண் பட்டுவிட்டது என்றார்கள் உறவினர்கள். ஞானஸ்நானம் பெறாததால் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். டீச்சர் மட்டும் அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தார்.

மூன்றாவது முறை உண்டானபோது ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனவள் நான். புதிதாக வந்திருந்த லேடி டாக்டர், இறந்த குழந்தைகளின் எடையைக் கேட்டார். அதுவரை எல்லோரும் அவர்களை மறந்துவிடத்தான் சொல்லியிருந்தார்கள். டீச்சர் இரண்டு எடைகளையும் தயங்காமல் சொன்னார்.

மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துவிட்டு, குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கச் சொன்னார்கள். பிறகு மணிக்கொரு தடவை ரத்தம். வாந்தி எடுத்தால் சோதனை வீணாகிவிடுமாம். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கர்ப்பத்தில் வரும் சர்க்கரை என்றார் டாக்டர். அதுதான் குழந்தையை அப்படிப் பெரிதாக்குகிறது. ஊசி போட்டு, சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி, மாதம் நிறையும் முன்பே பிரசவம் பார்த்தால் இந்தக் குழந்தை பிழைக்கும் என்றார். எனக்கு உயிர் வந்தது. டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது.

"அப்படின்னா அவங்க ரெண்டு பேரையும் காப்பாத்தியிருக்கலாமா டாக்டர்?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "தெரிஞ்சிருந்தா முயற்சி பண்ணியிருப்போம்மா" என்றார்.

மகள் பிழைத்தாள். அந்தப் பதில் மட்டும் டீச்சரை விடவே இல்லை. முக்கொம்புக்கு மாணவிகளைச் சுற்றுலா அழைத்துப் போன அன்று, முன்பின் தெரியாத கர்ப்பிணி ஒருத்தியிடம் போய் முந்தைய பிரசவங்களைப் பற்றி விசாரித்தார். அவள் கணவன் சத்தம் போட்டு அனுப்பிவிட்டான்.

"திட்டட்டும் டீச்சர். என்கிட்ட அப்ப யாரும் கேக்கலையே" என்றார் என்னிடம்.

அடக்கம் முடிந்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் ஓர் ஆறு மாதக் கர்ப்பிணி. போன தடவை குழந்தை பெரிதாக இருந்ததால்தான் தங்கவில்லை என்று அவளுடைய அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு நெஞ்சு படபடத்தது. பிலோமினா டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் படபடப்புதான். என் நிறுத்தம் வந்தது. நான் இறங்கவில்லை.