எர்ரரை விழுங்கியவர்

திருத்தணியில் ரயில் கிளம்பியதும் எதிரில் இருந்தவர் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மடியில் லேப்டாப். எக்ஸ்எம்எல் கோப்புகளாக வரும் வேலை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் ஜாவா நிரல் எழுதுகிறவராம். விண்ணப்பத்தில் எந்தெந்த விவரம் இருக்க வேண்டும் என்று விதிக்கும் ஸ்கீமாவில் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். புதியதில் குடும்பப் பெயர் கட்டாயம்.

“எங்களுக்கு இனிஷியல் மட்டும்தானே சார்?” என்றேன்.

“எங்க தெலுங்குல இண்டிபேரு, வீட்டுப் பேரு, எல்லாருக்கும் இருக்குதுங்களே.”

“இல்லாதவங்க விண்ணப்பம்?”

“செல்லாது. ஜாவா தூக்கிப் போட்டுட்டுப் போய்க்கினே இருக்கும்.”

“அவங்களுக்குத் தகவல் போகாதா?”

“போனா போன் பண்ணிக்கினே இருப்பாங்க. எர்ரர் வெளிய வராம முழுங்குற மாதிரி எழுதிட்டேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிலுக்குக் காத்திருப்பவனுக்குத் தன் பெயரே பிழையாகிவிட்டது என்று கடைசிவரை தெரியாது. அப்படியானால் இந்த மனிதர் எந்தப் பிழையைப் பொறுக்கச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்?